மருத்துவத்தின் ஐந்தாம் கூறு

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்துச் சென்றார் வள்ளுவர். நெடுங்காலம் அந்தக் கணக்கு மாறாமல் இருந்தது. இன்று ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை, நாடி பிடித்ததில்லை, மருந்து கொடுத்ததில்லை. நோயாளி அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் படுத்திருப்பார். இவரோ சென்னையிலோ கோவையிலோ திருச்சியிலோ கணினியின் முன் அமர்ந்திருப்பார். மருத்துவர் எழுதி வைத்த அறுவைக் குறிப்பை வரி வரியாகப் படித்து, அதற்குரிய ஐந்து இலக்க எண்ணைக் குறிப்பார். காப்பீட்டுப் பணம் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது அந்த எண்ணை வைத்துத்தான். இந்தத் தொழிலை மெடிக்கல் கோடிங் என்கிறார்கள்.

நம் கல்லூரியில் இந்தச் சொல்லைக் கேளாதவர் உண்டோ? விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதே பேச்சுத்தான். பேருந்து நிறுத்தத்தில் பயிற்சி நிலையத்தின் துண்டறிக்கை. மரத்தடியில் சம்பளக் கணக்கு. நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "பட்டம் முடித்த கையோடு வீட்டுக்குச் சோறு போடும் வேலை, இதைவிட வேறென்ன வேண்டும்?" என்பது ஒரு கட்சி. "அறிவியல் படித்துவிட்டு அயல்நாட்டானுக்கு ரசீது எழுதுவதா? இது கணினி காலத்துக் கணக்குப்பிள்ளை வேலை" என்பது மற்றொரு கட்சி. சென்ற பருவத்தில் எங்கள் துறை மன்றக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பெரும் வாக்குவாதமே நடந்தது. அன்று நான் எழுந்து பேசவில்லை. பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். இந்த வேலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைச் சம்பளமும் முடிவு செய்யாது, அயல்நாடும் முடிவு செய்யாது. ஒரு மனித உடலுக்கு நேர்ந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறோமா என்பது ஒன்றுதான் முடிவு செய்யும். இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. என் தாயின் வயிற்றிலிருந்து தொங்கிய ஒரு பையிலிருந்து கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லுமுன் இந்த எண்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு மருத்துவ ரசீதில் இரண்டு கேள்விகளுக்கு எண்ணால் பதில் எழுத வேண்டும். முதலாவது, நோயாளிக்கு என்ன வந்தது? இரண்டாவது, மருத்துவர் என்ன செய்தார்? முதல் கேள்விக்கான பட்டியல் பழமையானது. மக்கள் எந்தெந்தக் காரணங்களால் இறக்கிறார்கள் என்பதை எல்லா நாடுகளும் ஒரே முறையில் கணக்கெடுக்க வேண்டும் என்று பிரான்சு நாட்டின் ழாக் பெர்த்தியோன் வகுத்த பட்டியல் 1893-இல் ஏற்கப்பட்டது. 1948-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்தப் பொறுப்பை மேற்கொண்டது. இறப்பின் பட்டியல் நோய்களின் பட்டியலாகவும் விரிந்தது. அதன் பத்தாம் திருத்தத்தைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் முதல் நாளிலிருந்து அமெரிக்கா பயன்படுத்தி வருகிறது. அதில் ஏறத்தாழ 70,000 குறியீடுகள் உள்ளன. இரண்டாவது கேள்விக்கான பட்டியலை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966-இல் முதன்முதலாக வெளியிட்டது. சி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படுவது அதுதான். ஊசி போடுவது முதல் இதய அறுவை வரை ஒவ்வொரு செயலுக்கும் அதில் ஓர் எண் உண்டு.

இனி, அந்தப் பெரும் பட்டியலின் ஒரு சிறு மூலைக்குப் போவோம். பித்தநாளத்தைச் செப்பனிடும் அறுவைகளுக்கான எண்கள் அங்கே உள்ளன. எத்தனையோ உறுப்புகள் இருக்க இந்த நாளத்தை நான் தேர்ந்தெடுத்த காரணம் போகப் போக விளங்கும்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலுக்குள்ளிருந்து வரும் சிறு நாளங்கள் இரண்டு பெரிய நாளங்களாகி, கல்லீரலுக்கு வெளியே ஒன்றாய்ச் சேர்ந்து பொதுக் கல்லீரல் நாளம் ஆகின்றன. பித்தப்பையிலிருந்து வரும் குறுகிய நாளம் அதனோடு வந்து கலக்கிறது. கலந்த பின் அதன் பெயர் பொதுப் பித்தநாளம். அது முன்சிறுகுடலில் போய்த் திறக்கிறது. பித்தப்பை பித்தநீரைத் தேக்கி வைக்கும் பை மட்டுமே. எலிக்குப் பித்தப்பை இல்லை, குதிரைக்கும் இல்லை, அவை வாழவில்லையா? மனிதரும் அது இல்லாமல் வாழலாம். ஆனால் பித்தநாளம் இல்லாமல் வாழ முடியாது. அது அடைபட்டால் மஞ்சட்காமாலை. அறுபட்டால் பித்தநீர் வயிற்றுக்குள் கசியும். அத்தனை இன்றியமையாத அந்தக் குழாயின் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் பருமன்கூட இல்லை.

பித்தப்பையில் கல் சேர்ந்து வலி கொடுத்தால் பையையே எடுத்துவிடுவது வழக்கம். பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் 1882-இல் முதன்முதலாக அதைச் செய்தார். நூறாண்டுக்குப் பின் 1985-இல் ஜெர்மனியில் எரிக் மியூகே என்பவர், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்தி அதே அறுவையைச் செய்து காட்டினார். இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் இந்தத் துளைவழி அறுவையே. அமெரிக்கப் பட்டியலில் அதன் எண் 47562. வலி குறைவு; விரைவில் வீடு திரும்பலாம். ஆயினும் ஓர் ஆபத்து உண்டு. வீக்கத்தாலும் ஒட்டுதலாலும் உறுப்புகள் இடம் மாறிக் கிடக்கும்போது, பித்தப்பையின் குறுகிய நாளம் என்று எண்ணிப் பொதுநாளத்தையே வெட்டிவிடுவது நேர்கிறது. ஆயிரம் அறுவைகளில் மூன்று முதல் ஐந்து வரை இப்படி ஏதேனும் ஒரு காயம் நேர்வதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. கைதேர்ந்த மருத்துவர்களுக்கும் இது நேர்வதுண்டு.

அந்த ஆயிரத்தில் ஒருவராக என் தாய் ஆனார்.

என் தாயும் தந்தையும் விசைத்தறிப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கோடையில், வெகுநாள் வயிற்று வலிக்குப் பித்தக்கல்தான் காரணம் என்று தெரிந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குத் துளைவழி அறுவை நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்திற்குள் வயிறு உப்பியது, காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளாயிற்று, உடலெல்லாம் அரிப்பு. மறுபடி அங்கே ஓடினோம். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்" என்றார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த அறுவை மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது, முந்தைய மருத்துவமனை கொடுத்த தாளை. என் தந்தை அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நான்காய் மடித்ததைப் பிரித்து, என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. அறுவை இடையூறின்றி முடிந்தது, நோயாளி நலமுடன் அனுப்பப்படுகிறார் என்ற பொருளில் இரண்டு வரிகள் மட்டுமே அதில் இருந்தன. எந்த இடத்தில் கவ்வி போட்டார்கள், எது வெட்டப்பட்டது, இரத்தம் கசிந்ததா, ஐயம் ஏதேனும் எழுந்ததா? ஒன்றும் இல்லை. மருத்துவர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வெற்றாக இருந்தது. "இப்படி நேர்வது உண்டு, அம்மா. அதை எழுதியிருந்தால் எங்களுக்கு நாலு நாள் மிச்சமாகியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் யாரையும் குறை கூறவில்லை.

வயிற்றில் தேங்கிய பித்தநீரை வெளியேற்ற ஒரு குழாய் வைத்தார்கள். அதன் முனையில் ஒரு பை. உள்காயம் ஆறி, வீக்கம் வடிந்த பிறகே செப்பனிடும் அறுவை. அதற்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு மாதமும் பையில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து, குறித்து வைக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. பள்ளிக் கணக்கு நோட்டில் மிஞ்சிய பக்கங்களில் எழுதினேன். 300, 350, 280 என்று மில்லிலிட்டரில். ஒருநாள் இரவு அசதியில் அளக்காமலே கொட்டிவிட்டேன். மறுநாள் வெறும் இடம் விட அஞ்சி, முந்தைய நாளின் எண்ணையே எழுதி வைத்தேன். வாரம் ஒருமுறை நோட்டைப் பார்க்கும் மருத்துவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "ரெண்டு நாளும் அச்சு மாதிரி ஒரே அளவா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். அவர் கோபிக்கவில்லை. "அளக்கலன்னா அளக்கலன்னு எழுது. எண்ணைப் பார்த்துத்தான் நான் முடிவு பண்றேன்" என்றார்.

தோழர்களே, என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய்யான எண் அது. முதல் மருத்துவமனையின் தாள் மேல் எனக்கு அடங்காத சினம் இருந்தது உண்மை. ஆனால் அதே பிழையின் சிறிய வடிவத்தை, என் தாயின் விஷயத்திலேயே, நானும் செய்தேன் என்பதும் உண்மை. அஞ்சியவர்கள் வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறார்கள். அங்கே அவர்கள் "நலம்" என்று நிரப்பினார்கள். இங்கே நான் முந்தைய நாளின் எண்ணால் நிரப்பினேன்.

மூன்றாம் மாதம் அறுவை நடந்தது. அதன் பெயர் ஹெபாடிகோஜெஜுனோஸ்டமி. வெட்டுண்ட கல்லீரல் நாளத்தின் முனையைச் சிறுகுடலின் ஒரு பகுதியோடு இணைத்துத் தைத்துவிடுவது. சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, ஒரு முனையை மேலே கொண்டுபோய் நாளத்தோடு சேர்த்து, மறுமுனையைச் சற்றுக் கீழே குடலின் பக்கவாட்டில் பொருத்துவார்கள். பார்க்க நம் ஊர்ப் பிள்ளைகளின் உண்டிவில் கவட்டை போல, ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் இருக்கும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த சீசர் ரூ என்ற அறுவை மருத்துவரின் பெயரால் இதை 'ரூ-என்-ஒய்' என்கிறார்கள். அவர் 1934-இல் மறைந்தார். அவர் காட்டிய வழியில் தைக்கப்பட்ட குடலோடு என் தாய் இன்று தறிப் பட்டறைக்குப் போய்வருகிறார். அரசு மருத்துவமனை எங்களிடம் ஒரு காசும் கேட்கவில்லை. எனக்கு ஓராண்டுப் படிப்பு தள்ளிப்போயிற்று, அவ்வளவுதான். இருபது வயதில் நான் இரண்டாம் ஆண்டில் இருப்பதன் காரணம் அதுவே.

கல்லூரியில் சேர்ந்த பிறகு, எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அக்கா விடுமுறைக்கு வந்திருந்தார். நம் துறையிலேயே படித்தவர். இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் பணியில் இருக்கிறார். என் தாயின் கதையைக் கேட்டவர், "அமெரிக்காவில் என்றால் இதற்கு 47780 போடுவோம்" என்றார். எனக்கு உடல் சிலிர்த்தது. இரண்டு மாதத் துயரமும், இரவுக் கண்விழிப்பும், என் நோட்டுப் பக்கங்களும் ஐந்து இலக்கத்தில் அடங்கிவிட்டனவா? அன்று மாலை முழுதும் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தேன். அவர் சொன்னவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன்.

கல்லீரலுக்கு வெளியே உள்ள நாளத்தைக் குடலோடு நேரடியாக இணைத்தால் 47760. அதையே 'ரூ-என்-ஒய்' முறையில் இணைத்தால் 47780. கல்லீரலுக்கு உள்ளே உள்ள நாளத்தை இணைத்தால் 47765. அதுவே 'ரூ-என்-ஒய்' முறையில் என்றால் 47785. குடலின் உதவியின்றி, வெட்டுண்ட நாளத்தின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சீரமைத்தால் 47800. நாளத்தில் முன்பே நேர்ந்த ஒரு காயத்தைத் தையலிட்டு மூடினால் 47900. செயல் மாறினால் எண் மாறும். எண் மாறினால் தொகை மாறும்.

இதில் ஒரு நுட்பம் பாருங்கள். என் தாய்க்குச் செய்த அறுவையின் பெயரில் 'ஹெபாடிகோ' என்ற சொல் இருக்கிறது. கல்லீரலைக் குறிக்கும் சொல் அது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்ன நினைப்பார்? "கல்லீரல் என்று வருகிறது, எனவே கல்லீரலுக்கு உள்ளே" என்று 47785-ஐக் குறித்துவிடுவார். ஆனால் பொதுக் கல்லீரல் நாளம் கல்லீரலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது? எனவே சரியான எண் 47780. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே வழுக்கி விழுவார். உறுப்பின் படத்தை உள்ளத்தில் வரைந்து வைத்திருப்பவர் நிலைத்து நிற்பார். இந்த வேலைக்கான சான்றிதழ்த் தேர்வைக் குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாமாம். பார்த்து எழுதவே அனுமதி உண்டென்றால், அங்கே சோதிக்கப்படுவது நினைவாற்றல் அல்ல, அறிவு. நாமோ இங்கே செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் கல்லீரல் படத்தின் பாகங்களை வரிசையாக உருப்போடுகிறோம். எந்தக் குழாய் எதற்குள் போகிறது என்று கேட்டால் விழிக்கிறோம்.

அந்த 47900 என்ற எண்ணின் விளக்கத்தில் இருக்கும் 'முன்பே நேர்ந்த காயம்' என்ற சொற்றொடர் என் மனத்தைப் பற்றிக்கொண்டது. ஏன் அப்படிச் சொன்னார்கள்? அக்கா ஒரு விதியைச் சொன்னார். முதியோருக்காக 1965-இல் சட்டமாக்கப்பட்ட மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், 1996 முதல் ரசீதுகளைச் சரிபார்க்கும் விதித் தொகுப்பு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஓர் அறுவையின் போது மருத்துவரின் கையால் ஓர் உறுப்பு கிழிந்துவிட்டால், அதே வேளையில் அதைச் செப்பனிட்டதற்குத் தனியே பணம் கேட்கக் கூடாது. பித்தப்பையை எடுக்கும்போது நாளம் அறுபட்டு, அங்கேயே தைக்கப்பட்டால், பித்தப்பை அறுவைக்கு மட்டுமே கூலி. பின்னொரு நாள் அதே மருத்துவர் நோயாளியை மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுவர நேர்ந்தால், அது முந்தைய அறுவையோடு தொடர்புடையது என்பதைக் காட்ட 78 என்ற பின்னொட்டைச் சேர்த்தே கேட்க வேண்டும். எண்ணிலேயே ஒரு வாக்குமூலம் இருக்கிறது. நோயைச் சொல்லும் பட்டியலிலும், செரிமான உறுப்பு அறுவையின்போது தற்செயலாக நேர்ந்த துளைக்கும் கிழிசலுக்கும் என்று கே 91.71 என ஒரு குறியீடு தனியே உண்டு.

அன்றிரவு இந்த விதியை அம்மாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "எங்க தறியிலயும் அதானே? நாம அறுத்த இழைக்கு நாமதான் முடிச்சுப் போடணும். அதுக்குக் கூலி எவன் குடுப்பான்? ஆனா அறுந்த இடத்தை மறைச்சு நெய்தா, துணி வாங்கறவன் கையிலதான் கிழியும்" என்றார். பெரும் சட்ட வல்லுநர்கள் கூடி வகுத்த விதியை, எழுத்தறியாத என் தாய் தறியடியில் எப்போதோ கற்றுக்கொண்டிருக்கிறார்!

விதி இருந்தால் அதை மீறும் வழியும் இருக்கும் அன்றோ? 59 என்றொரு பின்னொட்டு உண்டு. 'இது தனியான வேறொரு செயல்' என்று அதற்குப் பொருள். உண்மையிலேயே தனிச் செயலாக இருந்தால் அதைச் சேர்ப்பது முறை. இல்லாத இடத்தில் சேர்த்தால், பணம் தர மறுக்க வேண்டிய ரசீது தடையின்றிக் கடந்துவிடும். இரண்டே இலக்கங்கள்! அப்படிப் பொய்க் கணக்குக் காட்டுவோரைத் தண்டிக்க அந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பொருள் விற்றவர்கள் அரசை ஏமாற்றினார்கள் என்று 1863-இல் கொண்டுவந்த சட்டம் அது. அன்று படைப்பொருள் விற்றவனுக்காக எழுதிய சட்டம் இன்று மருத்துவ ரசீதுக்கும் பாய்கிறது. காலம் மாறினாலும் கள்ளக் கணக்கு ஒன்றுதான்.

இப்போது எதிர்க்கட்சி நண்பர்களுக்கு வருகிறேன். "மருத்துவர் எழுதியதைத்தானே கோடிங் செய்பவர் எண்ணாக மாற்றுகிறார்? அவர் எழுதாததை இவர் எப்படிச் சேர்ப்பார்? பிறகு உண்மை, நேர்மை என்று பெரிய சொற்கள் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுதாததைச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லைதான். ஆனால் கேட்க உரிமை உண்டு. பித்தப்பை அறுவைக் குறிப்பின் நடுவே நாளத்தில் தையல் போட்டதாக ஒரு வரி இருந்து, ஏன் போட்டார் என்ற வரி இல்லாவிட்டால், அந்தக் குறிப்பை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. அந்தக் கேள்வியைக் கேட்கும் கண் பயிற்சி பெற்ற கண்ணாக இருக்க வேண்டும். என் தாயின் தாளை அப்படி ஒரு கண் பார்த்திருந்தால், "எங்கே வெட்டினீர்கள்?" என்று ஒரு கேள்வி எழுந்திருக்கும்.

"இதையெல்லாம் இனி எந்திரமே செய்துவிடும்" என்பது அடுத்த வாதம். மருத்துவக் குறிப்பைப் படித்து எண்ணைப் பரிந்துரைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. இனி இன்னும் வரும். ஆனால் எழுதியதைப் படிக்கும் வேலை எந்திரத்துக்குப் போகப் போக, எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் வேலைதானே மனிதருக்கு மிஞ்சும்? அதற்கு உருப்போட்ட மாணவர் பயன்பட மாட்டார். உடலை அறிந்த மாணவர் பயன்படுவார்.

"அந்நிய நாட்டு ரசீதுக்கு நம் இளைஞர்கள் இரவு பகலாக உழைக்கிறார்களே, நம் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கேள்வி மட்டும் என்னையும் குடைகிறது. இதை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். அமெரிக்க நோயாளி ஒருவரின் நாளம் உள்ளே தைக்கப்பட்டதா வெளியே தைக்கப்பட்டதா என்று நம் ஊர்ப் பெண் ஒருத்தி நுணுகி ஆராய்கிறாள். அவளுடைய தாய்க்கு என்ன செய்தார்கள் என்பதோ இரண்டு வரித் தாளில், அவர் படிக்க முடியாத மொழியில் இருக்கிறது. இந்த முரணைச் சிந்தித்துப் பாருங்கள்! நம் மாநிலத்தில் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. 2018 முதல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமும் அதனோடு இணைந்தது. இன்னின்ன அறுவைக்கு இவ்வளவு தொகை என்று முன்னதாகவே வகுத்து, அனுமதி வழங்கிப் பணம் கொடுக்கும் முறை இங்கேயும் வந்துவிட்டது. அதாவது, நம் உடலும் கணக்கில் ஏறத் தொடங்கிவிட்டது. ஆகவே அங்கே கற்ற நுணுக்கம் இங்கே பயன்பட வேண்டிய காலம் இது. அயலூர்க் கணக்கில் கைதேர்ந்தவர்கள் நம் ஊர்க் கணக்கையும் கேள்வி கேட்கத் துணிந்தால், அந்த வேலை நம் நாட்டுக்கும் ஆனதுதான்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, என் சக மாணவர்களுக்கு. இந்த வேலைக்குப் போகிறவரை ஏளனம் செய்யாதீர்கள். போகிறவர்களும் துண்டறிக்கையில் உள்ள சம்பளத்தை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். வகுப்பறைச் சுவரில் தொங்கும் அந்தப் பழைய செரிமான மண்டலப் படத்தின் முன் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எந்த நாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிக் கற்கப்போகும் பாடத்தின் அடித்தளம், அரசு நமக்குத் தந்திருக்கும் இந்த வகுப்பறையிலேயே இருக்கிறது.

இரண்டாவது, நம் பேராசிரியப் பெருமக்களுக்கு. இந்தத் துறையில் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து வந்து பேச வையுங்கள். வேலை எப்படிக் கிடைக்கும் என்பதோடு, எந்த இடத்தில் மனச்சான்று தடுமாறும் என்பதையும் அவர்கள் சொல்லட்டும். செய்முறை ஏட்டில் கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்று நீங்கள் அடிக்கடி கண்டிக்கிறீர்கள். அந்தக் கண்டிப்பு ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

மூன்றாவது, மருத்துவமனைகளுக்கும் அரசுக்கும். நோயாளி வீடு திரும்பும்போது அவருக்குத் தரும் தாளில், என்ன செய்தோம், என்ன நேர்ந்தது என்பதைத் தமிழில் நான்கு வரியாவது எழுதித் தாருங்கள். தவறு நேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். மனிதர் கை தவறுவது இயல்பு என்பது தறியில் நிற்கும் எங்களுக்குத் தெரியாததா? கை தவறியதற்காக என் தாய் யாரையும் சபிக்கவில்லை. "சொல்லியிருக்கலாம்" என்று மட்டும்தான் இன்றும் சொல்கிறார்.

அந்தக் கணக்கு நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான் பொய்யாக எழுதிய எண்ணை அன்றே அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதினேன். மருத்துவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். நாளை நானும் ஒரு கணினியின் முன் அமர்ந்து, கண்ணால் காணாத யாரோ ஒருவரின் அறுவைக் குறிப்பைப் படிக்க நேரலாம். என் வீட்டு நிலைமையில் அது நேரும் என்றே எண்ணுகிறேன். அப்போது அந்தக் குறிப்புக்குப் பின்னால் ஒரு மகள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பதை மறவாதிருப்பேன்.

வள்ளுவர் வகுத்த நால்வரோடு ஐந்தாவதாக நாம் சேர்ந்துவிட்டோம். அழையா விருந்தாளியாய் அல்ல, அந்த நால்வருக்கும் உண்மையான சாட்சியாய் நிற்போம்.